பழைய ஃபோர்டு வாங்குவது எப்படி: ஒரு சீட் கவர்க்காரனின் பார்வை

கூடுவாஞ்சேரியில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி 22 வருஷமாக சீட் கவர் கடை வைத்திருக்கிறேன். இங்கிருந்து செங்கல்பட்டு ரயிலில் ஏறினால் மூன்றாவது ஸ்டேஷன் மறைமலைநகர். ஃபோர்டு தொழிற்சாலை அங்கேதான். அதனால் மற்ற கடைகளில் மாருதி எவ்வளவு வருமோ, என் கடைக்கு அவ்வளவு ஃபோர்டு வந்தது. ஐகானுக்கு ரெக்ஸின் தைத்து ஆரம்பித்தவன், எண்டெவருக்கு லெதர் தைப்பது வரைக்கும் வந்தேன்.

2021 செப்டம்பரில், இந்தியாவில் இனி வண்டி செய்யப் போவதில்லை என்று கம்பெனி அறிவித்தது. அதோடு ஃபோர்டு பேச்சு அடங்கிவிடும் என்று நினைத்தேன். நடந்தது வேறு. "அண்ணே, ஒரு ஃபிகோ டீசல் பாத்து வச்சிருக்கேன், கொஞ்சம் வந்து பாருங்களேன்" என்று மாதம் இரண்டு பையன்களாவது வருகிறார்கள். கேட்கிறவர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே அந்த வண்டியில் மனசைக் கொடுத்துவிட்டுத்தான் வருகிறார்கள். நான் போய்ச் செய்வது எல்லாம், அவர்கள் பார்க்காத இடத்தைப் பார்ப்பது.

பெயிண்டை எல்லோரும் பார்ப்பார்கள். பானெட்டைத் திறந்து மெக்கானிக் பார்ப்பார். சீட்டுக்குக் கீழே, தரையில் விரித்த மேட்டிங்குக்கு அடியில், சீட் பெல்ட்டின் கடைசி முழத்தில் யாரும் பார்ப்பதில்லை. விற்கிறவரும் அங்கே துடைப்பதில்லை.

முதலில், எந்த மாடல்

"ஃபோர்டு நல்லதா?" என்று கேட்டால் பதில் கிடையாது. எந்த ஃபோர்டு, எந்த எஞ்சின், எந்த வருஷம் என்று கேட்க வேண்டும். ஆர்வக்காரர்கள் தேடி அலைவது ஒரு கைப்பிடி மாடல்களைத்தான்.

ஐகானை 1999-இல் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்னால் நாசிக்கில் மஹிந்திராவோடு சேர்ந்து எஸ்கார்ட் செய்துகொண்டிருந்தார்கள்; மறைமலைநகர் தொழிற்சாலையின் முதல் பிள்ளை என்றால் ஐகான்தான். அதில் ராகாம் என்ற 1.6 லிட்டர் பெட்ரோல் எஞ்சினைத்தான் இன்றைக்கும் தேடுகிறார்கள். எஞ்சினின் வால்வுகளை இயக்குவது டைமிங் பெல்ட் இல்லை, செயின்; அதனால் பெல்ட் அறுந்துபோகும் கவலை இல்லை. ஆனால் ஊரில் இருக்கும் ஐகான் அநேகமாக எல்லாமே 15 வயதைத் தாண்டியவை. ஆர்.சி.யைப் புதுப்பிக்க எஃப்.சி. காட்ட வேண்டும், பசுமை வரி கட்ட வேண்டும், ரப்பர் சாமான் ஒன்றும் மிச்சமிருக்காது. ஆசைக்கு வாங்கி ஞாயிற்றுக்கிழமை ஓட்டுங்கள். தினம் தாம்பரம் போய்வர அதை நம்பாதீர்கள்.

அடுத்தது 2005 கடைசியில் வந்த ஃபியஸ்டா. என் சொந்த வண்டி அதுதான், 1.6 எஸ். அதனால் நான் சொல்வதில் கொஞ்சம் பாசம் கலந்திருக்கும், கழித்துக்கொள்ளுங்கள். 101 குதிரைத்திறன் பெட்ரோல் எஞ்சின், சாதா ஃபியஸ்டாவைவிடக் கெட்டியான சஸ்பென்ஷன், அப்புறம் ஆயில் பிரஷரில் இயங்கும் பவர் ஸ்டீயரிங். டயருக்குக் கீழே இருப்பது மணலா தாரா என்று உள்ளங்கையிலேயே தெரிந்துவிடும். பின்னால் வந்த எலக்ட்ரிக் ஸ்டீயரிங் விரலால் சுற்றினாலே திரும்பும், டிராஃபிக்கில் சுகம். ஆனால் அந்தச் செய்தி கைக்கு வருவது குறைந்துபோனது. பழைய ஃபோர்டுக்காரர்கள் கூடினால் பாதி நேரம் இந்தப் பேச்சுதான் ஓடும்.

ஆயில் ஸ்டீயரிங் வேண்டுமென்றால் ஐகான், பழைய ஃபியஸ்டா, 2010-இல் வந்த முதல் ஃபிகோ, இந்த மூன்றுக்குள் நிற்க வேண்டும். 2011-இல் வந்த புது ஃபியஸ்டா எலக்ட்ரிக். அழகான வண்டி. ஆனால் குறைவாகத்தான் விற்றது. அதனாலேயே அதன் பம்பரும் லைட்டும் தேடுவது மற்ற எல்லாவற்றையும்விடக் கஷ்டம்.

1.4 டீசல் முதல் ஃபிகோவிலும் பழைய ஃபியஸ்டாவிலும் இருந்தது. பிரெஞ்சுக் கம்பெனியான பியூஜோ-சிட்ரோனோடு சேர்ந்து ஃபோர்டு உருவாக்கிய எஞ்சின். ஏறக்குறைய 68, 69 குதிரைத்திறன்தான், ஓடி ஜெயிக்காது. டீசல் குடிப்பதில் மட்டும் மகா சிக்கனம்.

இப்போதைய பையன்களுக்குப் பைத்தியம் பிடித்திருப்பது 2015 ஃபிகோ 1.5 டீசலில். அது வந்தது குஜராத் சானந்த் தொழிற்சாலையிலிருந்து. அதன் டிக்கி வைத்த அண்ணன் ஆஸ்பயரும், 2018-இல் வந்த ஃப்ரீஸ்டைலும் அங்கேதான். 100 குதிரைத்திறன், 215 நியூட்டன் மீட்டர் இழுவை, எடையோ ஒரு டன்னைச் சற்றே தாண்டும். திண்டிவனம் தாண்டி மூன்றாவது கியரில் மிதித்துப் பார்த்தால் ஏன் தேடுகிறார்கள் என்று விளங்கும். இதிலேயே 2017-இல் ஃபிகோ எஸ் என்று ஒன்று விட்டார்கள்: கெட்டியான சஸ்பென்ஷன், 14 அங்குலச் சக்கரத்துக்குப் பதில் 15 அங்குலம். டீசல் எஸ் ஒழுங்கான நிலையில் கிடைத்தால் பேரம் பேசிக்கொண்டே ரெண்டு நாள் போக்காதீர்கள், மூன்றாம் நாள் இருக்காது.

எகோஸ்போர்ட் 2013-இல் வந்தது. அதில் ரசிகர்கள் கேட்பது 1.0 எகோபூஸ்ட்: மூன்று சிலிண்டர், டர்போ, ஒரு லிட்டரில் 125 குதிரைத்திறன். மறைமலைநகரில் செய்த எகோஸ்போர்ட் பிறகு கப்பலேறி அமெரிக்காவிலேயே விற்பனைக்குப் போனது. பொத்தேரி தாண்டி ரயிலில் போகும்போது வரிசையாக நிற்கும் புது வண்டிகளைப் பார்த்து, 'இதில் எது எந்த ஊருக்கோ' என்று நினைத்ததுண்டு.

எண்டெவரில் கேட்கப்படுவது 3.2 டீசல், ஐந்து சிலிண்டர், 200 குதிரைத்திறன். சத்தமே தனி. டயர் ஒரு செட் மாற்றும் செலவைக் கேட்டுவிட்டு அப்புறம் ஆசைப்படுங்கள். மஸ்டாங் பற்றி யாராவது கேட்டால் நான் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவேன்.

பெல்ட், கியர், பில்

மாடலை முடிவு செய்ததும் விற்கிறவரிடம் போனிலேயே கேட்க வேண்டிய ஒரே கேள்வி: "டைமிங் பெல்ட் மாத்தின பில் இருக்கா?"

1.6 பெட்ரோல் ஃபியஸ்டா, 1.4 டீசல், 1.5 டீசல் எல்லாமே பெல்ட் எஞ்சின். ஓடும்போது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அப்புறம் எஞ்சினை இறக்கத்தான் வேண்டும். மேனுவலில் போட்டிருக்கும் கிலோமீட்டரைத் தாண்டாமல் இருப்பது அடிப்படை. செகண்ட் ஹேண்ட் வண்டியில் என் கணக்கு இன்னும் கண்டிப்பு. பில் இல்லையென்றால் பெல்ட் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்வேன். "மாத்தியாச்சு சார், மெக்கானிக் ஊருக்குப் போயிருக்கார்" என்பது பில் ஆகாது. டீசலில் பெல்ட் மாற்றும்போது டென்ஷனரையும் வாட்டர் பம்ப்பையும் சேர்த்தே மாற்றுங்கள். பம்ப்பைச் சுழற்றுவது அதே பெல்ட்தான். பழைய பம்ப் ஆறு மாதம் கழித்துக் கசிந்தால் முழுக் கூலியும் மறுபடி.

எகோபூஸ்ட் கதை வேறு. அதில் பெல்ட் எஞ்சின் ஆயிலுக்குள்ளேயே ஓடுகிறது. 2017 கடைசியில் எகோஸ்போர்ட்டுக்கு வந்த டிராகன் என்ற 1.5 பெட்ரோல் எஞ்சினும், ஃப்ரீஸ்டைலில் வந்த 1.2 டிராகனும் அதே மாதிரிதான். ஆயிலில் ஊறும் ரப்பர் என்பதால் எந்த ஆயில் ஊற்றினார்கள் என்பது இங்கே உயிர்ப் பிரச்சினை. எகோபூஸ்ட்டுக்கு ஃபோர்டு சொன்னது 5டபிள்யூ-20 என்ற மெல்லிய தரத்தில் தன் நிர்ணயப்படியான ஆயில். கைக்குக் கிடைத்த கெட்டி ஆயிலை ஊற்றியும், மாற்ற வேண்டிய கெடுவைத் தள்ளிப்போட்டும் ஓட்டினால் பெல்ட் பொடிந்து, அந்தத் தூள் ஆயில் பம்ப்பின் வாய்ச் சல்லடையை அடைக்கும். ஆயில் போகாத டர்போவின் கதி சொல்ல வேண்டாம். ஆகவே எகோபூஸ்ட் வாங்கினால் எல்லா ஆயில் சர்வீஸ் பில்லும் வரிசையாக வேண்டும். நடுவில் இரண்டு வருஷம் காணோம் என்றால் நான் திரும்பி வந்துவிடுவேன்.

ஆட்டோமேட்டிக்கில் ஒரு பிரிவு உண்டு. 2017 கடைசிக்கு முந்திய எகோஸ்போர்ட் பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கிலும் 2015 ஃபிகோ ஆட்டோமேட்டிக்கிலும் இருப்பது பவர்ஷிஃப்ட் என்ற இரட்டைக் கிளட்ச் பெட்டி. ஹைவேயில் வெண்ணெய். டிராஃபிக்கில் ஊர்ந்து ஊர்ந்து சூடேறினால்தான் அதன் நிஜ முகம் தெரியும். அந்த வண்டியை ஞாயிறு காலை ஆறு மணிக்குக் காட்டுகிறேன் என்பவரிடம், திங்கள் சாயங்காலம் பெருங்களத்தூர் நெரிசலில் ஓட்டிப் பார்க்கிறேன் என்று சொல்லுங்கள். அரை மணி ஊர்ந்தபின், முதல் கியரில் நகரும்போது நடுக்கம் வந்தால் விட்டுவிடுங்கள். 2017 கடைசியில் மாறிய எகோஸ்போர்ட்டில், கிளட்ச்சுக்குப் பதில் ஆயில் வழியாக இழுக்கும் டார்க் கன்வர்ட்டர் பெட்டி வந்தது. அதில் இந்தத் தலைவலி கிடையாது.

மேட்டிங்குக்கு அடியில்

இனி என் தொழில்.

டிரைவர் கதவைத் திறங்கள். ஃபோர்டு கதவு கனமானது, சாத்தும்போது 'டப்' என்று ஒரே சத்தமாக விழ வேண்டும். நாலு கதவையும் சாத்திக் கேளுங்கள். மூன்று ஒரு மாதிரியும் ஒன்று 'டப-ட' என்றும் கேட்டால் அந்தப் பக்கம் டிங்கரிங் நடந்திருக்கலாம், ஹிஞ்ச் போல்ட்டில் பெயிண்ட் பெயர்ந்திருக்கிறதா பாருங்கள். எகோஸ்போர்ட்டின் பின்கதவு பக்கவாட்டில் திறக்கும், ஸ்டெப்னியின் கனமும் அதன் மேலேதான். பாதி திறந்து கீழிருந்து லேசாகத் தூக்குங்கள். ஆட்டம் இருந்தால் ஹிஞ்ச் தொங்கிவிட்டது. அந்தக் கதவின் கைப்பிடி வலது டெயில் லைட்டுக்குள் ஒளிந்திருக்கும். டெயில் லைட்டை மாற்றியவர்கள் அங்கே அரைகுறையாகப் பொருத்திவைப்பார்கள், விரலுக்குத் தெரியும்.

அடுத்து டிரைவர் சீட். நம்மூரில் டிரைவர் இறங்குவது வலப்பக்கம். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் தொடை சீட்டின் வலது ஓரத் திண்டை அழுத்திக்கொண்டுதான் வெளியே போகும். முப்பதாயிரம் கிலோமீட்டரில் அந்த இடத்துத் துணி பளபளக்க ஆரம்பிக்கும். எண்பதாயிரத்துக்கு மேல் உள்ளே ஃபோம் தளர்ந்து, கட்டைவிரலால் அழுத்தினால் கம்பி தட்டுப்படும். ஃபியஸ்டா, ஃபிகோ சீட் திண்டு கொஞ்சம் உயரம் என்பதால் இன்னும் சீக்கிரம் தெரியும். மீட்டர் 42,000 காட்டி, திண்டில் கம்பி தட்டினால் மீட்டர் பொய் சொல்கிறது. கிளட்ச் பெடல் ரப்பரும் அதையேதான் சொல்லும். ஆனால் ரப்பரை நூறு ரூபாய்க்கு மாற்றிவிடலாம், ஃபோமை யாரும் மாற்றுவதில்லை.

"சீட் கவர் போட்டிருக்கே அண்ணே, எப்படிப் பாக்கறது?" சீட்டோடு ஒட்டித் தைத்த பக்கெட் ஃபிட்டிங் கவர் என்றாலும் கீழே எலாஸ்டிக்கும் கொக்கியும்தான். சீட்டை முன்னால் தள்ளி, குனிந்து, பின்பக்கக் கொக்கி இரண்டைக் கழற்றினால் கவர் ஒரு சாண் மேலே வரும். ஒரிஜினல் துணியைப் பார்த்துவிட்டு மறுபடி மாட்டிவிடுங்கள். மறுக்கிற ஓனர் இருந்தால் காரணம் கேளுங்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன், கொக்கியைக் கழற்றும்போது சீட்டின் பக்கவாட்டில் 'ஏர்பேக்' என்ற சின்னத் துணிச்சீட்டு தெரிகிறதா பாருங்கள். 2015 ஃபிகோவின் உயர்ந்த மாடலிலும் எகோஸ்போர்ட்டின் உயர்ந்த மாடலிலும் ஆறு ஏர்பேக் உண்டு, அதில் இரண்டு முன்சீட்டின் பக்கத்துக்குள். அதன் மேல் சாதா ரெக்ஸின் கவரை இழுத்துத் தைத்திருந்தால் விபத்தில் பை வெளியே வராமல் மாட்டிக்கொள்ளும். பக்கத் தையல் கிழிந்து விடுகிற மாதிரி தனி நூலில் தைத்த கவர்தான் அதற்குப் போட வேண்டும். இதைச் சொல்லி நான் இழந்த ஆர்டர்கள் நிறைய.

இப்போது சீட் பெல்ட். பின்சீட் பெல்ட்டை, முன்னது இல்லை, பின்னதை, மெதுவாகக் கடைசி வரைக்கும் வெளியே இழுங்கள். பின்சீட் பெல்ட்டை நம்மூரில் யாரும் மாட்டுவதில்லை, அதனால் அது வண்டி வந்த நாளில் இருந்த மாதிரியே உள்ளே சுருண்டு கிடக்கும். கடைசி முழத்தில் இரண்டு விஷயம் பார்க்கலாம். முதலாவது, தைத்த சீட்டில் தயாரிப்பு மாதமும் வருஷமும். ஆர்.சி.யில் இருக்கும் தயாரிப்பு மாதத்துக்குச் சில மாதம் முன்னே இருந்தால் சரி. மூன்று வருஷம் பிந்தியிருந்தால் அந்தப் பெல்ட் மாற்றப்பட்டது. பெல்ட் சும்மா மாற்றப்படாது. இரண்டாவது, குறுக்கே போகும் பழுப்புக் கோடு.

அந்தக் கோட்டை நான் கற்றுக்கொண்ட விதம் பெருமைப்படும்படி இல்லை. 2016 நடுவில் என் மச்சினன் ஒரு ஃபியஸ்டா டீசல் பார்த்தான். "மாமா, நீங்க பாத்துட்டா போதும்" என்றான். தாம்பரம் பக்கம் ஒரு புரோக்கர். பெயிண்ட் சுத்தம், ஸ்டார்ட் சுத்தம். உள்ளே புது சீட் கவர், புது மேட்டிங், மல்லிகை வாசனை ஸ்ப்ரே. கவரில் இரட்டைத் தையல் போட்டிருந்தார்கள், ஒரு இஞ்சுக்கு எட்டுத் தையல், மூலையில் ஒரு சுருக்கம் இல்லை. 'யாரய்யா இந்தத் தொழிலாளி' என்று ரசித்துக்கொண்டு நின்றேன். தொழில்காரன் தொழிலைப் பார்த்து மயங்கிய கதை. மேட்டிங்கைத் தூக்கவில்லை. அட்வான்ஸ் கொடுத்துவிட்டோம்.

ஐப்பசி மழையில் கண்ணாடி உள்பக்கம் பனி பிடிக்க ஆரம்பித்தது. அப்புறம் பவர் விண்டோ தானாக இறங்கியது, ஹாரன் தானாக அடித்தது. கிளவ் பாக்ஸைக் கழற்றி, பின்னால் இருக்கும் ஃபியூஸ் பாக்ஸைப் பார்த்தால் செம்புக் காலெல்லாம் பச்சை பூத்திருந்தது. அன்றைக்குத்தான் பின் பெல்ட்டை முழுசாக இழுத்தேன். கடைசி முழத்தில், ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி, ஒரு பழுப்புக் கோடு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் எத்தனை கார் மூழ்கியது என்று இங்கே எல்லோரும் பார்த்தோம். அதில் ஒன்று அழகான தையலோடு எங்கள் வீட்டு வாசலில் நின்றது.

அதனால் இப்போது, புது மேட்டிங் போட்ட வண்டி என்றால் எனக்குச் சந்தேகம் கூடும். கதவோரப் பிளாஸ்டிக் பட்டையை நெம்பினால் மேட்டிங் ஓரம் வரும். அதன் கீழே கம்பெனி கார்ப்பெட், அதற்கும் கீழே ஸ்பாஞ்சு. அந்த ஸ்பாஞ்சைக் கையால் பிழிய வேண்டும். ஈரம் இல்லையென்றாலும் காய்ந்த சேறு விரலில் மாவு மாதிரி ஒட்டும். சீட் ரெயில் போல்ட்டுகளில் துரு இருக்கிறதா, சீட்டுக்கு அடியில் ஸ்பிரிங் கம்பி துருப்பிடித்ததா, டிக்கியில் ஸ்டெப்னிக் குழியில் வண்டல் கோடு இருக்கிறதா என்று பாருங்கள். சென்னை வண்டி என்றால் 2015 டிசம்பரையும், மிக்ஜாம் புயல் வந்த 2023 டிசம்பரையும் மனசில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

ஓட்டிப் பார்ப்பது

போவதற்கு முன்பே "எஞ்சினை ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க" என்று சொல்லிவிடுங்கள். பானெட் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள். ஆறிக் கிடக்கும் டீசல் எஞ்சின் ஒரே சுற்றில் பிடிக்க வேண்டும்.

நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை சுற்றுங்கள். ஆயில் ஸ்டீயரிங் வண்டியில் முனகல் கேட்டால் பம்ப்பையும் ஸ்டீயரிங் ராக்கையும் ஹோஸையும் பார்க்க வேண்டும். ராக் சின்னச் செலவு இல்லை. பிறகு மேடுபள்ளமான தெருவில் கண்ணாடியை இறக்கிவிட்டு, ஏ.சி.யும் பாட்டும் இல்லாமல் பத்து கிலோமீட்டர் வேகத்தில் போங்கள். முன்னால் 'டக் டக்' என்றால் சஸ்பென்ஷனில் லோயர் ஆர்ம் புஷ் அல்லது லிங்க் ராட் தேய்ந்திருக்கும். இது பேரத்துக்கு உதவுகிற சத்தம், பயப்படுகிற சத்தம் இல்லை.

1.5 டீசலை 40 கிலோமீட்டர் வேகத்தில் நாலாவது கியரில் விட்டு முழுசாக மிதியுங்கள். டர்போ பிடித்ததும் எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறவில்லையென்றால் கிளட்ச் பிளேட் முடிந்தது. கண்ணாடியில் பின்னால் பாருங்கள், மெல்லிய கறுப்புப் புகை பழைய டீசலில் சகஜம். நீலப் புகை வந்தால் டர்போ ஆயில் குடிக்கிறது.

கையில் லேப்டாப் அல்லது போனில் ஃபோர்ஸ்கேன் இருந்தால் வண்டியின் கம்ப்யூட்டரில் இருக்கும் கோளாறுக் குறிகளைப் படிக்கலாம். ஃபோர்டுக்கென்றே செய்த மென்பொருள், ஆர்வக்காரப் பையன்கள் எல்லோரும் வைத்திருக்கிறார்கள். ஒரே எச்சரிக்கை: பத்து வயது வண்டியில் ஒரு குறிகூட இல்லாமல் பளிச்சென்று இருந்தால் நேற்று அழித்திருக்கலாம். இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி படியுங்கள்.

காகிதம்

சேசிஸ் நம்பரை ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். இந்தியாவில் செய்த ஃபோர்டு என்றால் அது எம்.ஏ.ஜே. என்ற மூன்று எழுத்தில் தொடங்கும். அரசின் பரிவாகன் தளத்தில் நம்பரைப் போட்டு ஓனர் எத்தனையாவது, கடன் நிற்கிறதா, இ-சலான் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். கடன் வாங்கிய வண்டி என்றால் பேங்க் என்.ஓ.சி.யும் (ஆட்சேபமில்லைச் சான்று) கடன் தீர்ந்ததற்கான ஃபார்ம் 35-ம் கைக்கு வந்தபின்தான் முழுப் பணம். பெயர் மாற்ற ஃபார்ம் 29, 30.

டெல்லி நம்பர் டீசல் மலிவாக வரும். பத்து வயது டீசலுக்கு அங்கே கெடுபிடி வந்ததிலிருந்து தெற்கே தள்ளுகிறார்கள். என்.ஓ.சி., இங்கே மறுபதிவு, தமிழ்நாட்டு வரி எல்லாம் கூட்டிப் பாருங்கள், மலிவு பாதி கரைந்துவிடும்.

எல்லோரும் விட்டுவிடுகிற காகிதம் ஒன்று இருக்கிறது: பழைய இன்சூரன்ஸ் பாலிசி. அதில் நோ கிளெய்ம் போனஸ் எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கும். கிளெய்ம் இல்லாமல் ஓடினால் 20-இல் தொடங்கி வருஷா வருஷம் ஏறி 50 வரைக்கும் போகும். ஒரே ஓனர், ஏழு வருஷ வண்டி, "ஒரு கீறல்கூட இல்ல சார்" என்கிறார், பாலிசியில் போனஸ் 0 என்று இருந்தால், போன வருஷம் என்ன கிளெய்ம் என்று அமைதியாகக் கேளுங்கள். இரண்டாவது ஓனர் என்றால் இது பொருந்தாது, போனஸ் வண்டியோடு வராது, ஆளோடு போய்விடும். மச்சினன் வண்டிக்கு இந்தக் காகிதத்தைக் கேட்டிருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

சாமான் கிடைக்குமா

கிடைக்கிறது. வண்டி செய்வதை நிறுத்தினாலும் சர்வீஸும் சாமானும் தொடரும் என்று ஃபோர்டு சொன்னது, சர்வீஸ் சென்டர்கள் குறைந்தாலும் இருக்கின்றன. ஃபில்டர், பிரேக் பேட், கிளட்ச், பெல்ட் செட் எல்லாம் ஜி.பி. ரோட்டில் வெளிக் கம்பெனித் தயாரிப்பாகவே வாங்கலாம். எஞ்சின் சாமானை நினைத்துப் பயப்படுகிறவர்கள் தப்பான இடத்தில் பயப்படுகிறார்கள். சிரமப்படுத்துவது பிளாஸ்டிக்கும் கண்ணாடியும்தான்: ஹெட்லைட், பம்பர் கிளிப், கதவுப் பீடிங், ஏ.சி. வென்ட். இவற்றுக்குப் புதுப்பேட்டையில் உடைத்த வண்டியில் தேட வேண்டியிருக்கும். என் ஃபியஸ்டாவின் இடது கண்ணாடி மூடிக்கு மூன்று சனிக்கிழமை அலைந்தேன், கிடைத்தது வேறு கலர். அதனால் வாங்கும்போதே இந்தச் சில்லறைச் சாமானெல்லாம் உடையாமல் இருக்கும் வண்டிக்குப் பத்தாயிரம் கூடக் கொடுக்கலாம், நஷ்டமில்லை.

வண்டி விலையில் எட்டில் ஒரு பங்கைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு பேரத்துக்குப் போங்கள். வீட்டுக்கு வந்த முதல் வாரத்தில் அது செலவாகும்: எல்லா ஆயிலும், எல்லா ஃபில்டரும், பில் இல்லாத டைமிங் பெல்ட், கூலன்ட், நாலு டயரும் ஒரே வயதா என்று பார்த்து வேண்டியது.

பையன்கள் பெரும்பாலும் வண்டி எடுத்த அன்றைக்கே என் கடைக்கு ஓட்டிவந்து, "அண்ணே, கறுப்புல சிவப்புத் தையல் போட்டுடுங்க" என்று நிற்பார்கள். பெல்ட் மாத்தியாச்சா என்று கேட்பேன். தலையைச் சொறிந்தால், எதிர்ச் சந்தில் மெக்கானிக் பட்டறையைக் காட்டி, அங்கே முடித்துவிட்டு அடுத்த மாசம் வா என்று அனுப்பிவிடுவேன். சிவப்பு நூல் எங்கும் போய்விடாது.